குதிரைகள் அடுத்த ஆண்டு

நாற்பத்திரண்டு புத்தகங்களுக்குப் பணம் வந்திருக்கிறது.
சிலோயேக்குக் கிழக்கே இந்தச் சிறு தீவுக்கு
விலைப்பட்டியல் படகில் வரும்போதே நனைந்துவிட்டது.
விறகடுப்பின் மேல் பிடித்துக் காயவைத்தேன்.
தகரக் கூரையில் ஐந்தாம் நாள் மழை.

பக்கத்துக்கு எட்டு அட்டைப்படம்.
ஒவ்வொன்றின் கீழும் செருப்புக் கடைபோல ஓர் எண்:
ஆறு முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு,
பதினான்குக்கு மேல்.
எலுனெய்க்கு ஒன்பது வயது.
செய்தித்தாளில் மரண அறிவிப்புகளை மட்டும் படிப்பாள்.
பதினாறு வயது விளாதிமிர்
இன்னும் டிராக்டர் படப் புத்தகத்தைத்தான்
சட்டைக்குள் ஒளித்து எடுத்துப்போகிறான்.
இவர்களுக்கு எந்த அளவுச் செருப்பு?

எனக்கென்று ஒரு முறை உண்டு.
முதல் பக்கத்தை உரக்கப் படிப்பேன்.
இரண்டாம் வாக்கியத்திலேயே யாராவது அறிவுரை சொன்னால்
மூடிவிடுவேன்.
நாய் செத்தால் பென்சிலால் ஒரு புள்ளி,
அம்மா செத்தால் இரண்டு.
நாற்பதாம் பக்கத்துக்குள் செத்துவிட்டால்
எழுதியவருக்கு வேறு வழி தெரியவில்லை என்று பொருள்.
கடைசியில் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதால்
கொஞ்சம் யோசிப்பேன்,
எனக்கே அது பிடிக்கும் என்பதால்.

தலைமையாசிரியர் ரெமிஹியோ சீட்டு அனுப்பினார்:
"பல் துலக்குவது பற்றி ஏதாவது."
பாதிரியார் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கவலை.
யாஸ்னா, அவள் தங்கை, தங்கையின் தோழி
மூவரும் கையெழுத்திட்டு ஒரு மனு:
குதிரைகளின் கலைக்களஞ்சியம், வண்ணப் படங்களுடன்.
ஆறு புத்தகங்களின் விலை.
தீவில் இருப்பவை பதினோரு குதிரைகள்,
அவற்றையெல்லாம் பார்த்து முடித்தாயிற்றாம்.
சரி என்று எழுதிவிட்டேன்.

முக்குளிப்பவர் ஒருவரைப் பற்றிய நாவலை மட்டும்
மூன்று முறை சேர்த்து மூன்று முறை அடித்தேன்.
நல்ல நாவல்.
அப்பா வலைக்கடியில் இறங்குகிறார்.
குமிழிகள் வருகின்றன.
பிறகு வரவில்லை.
இங்கே சால்மன் கூண்டுகளில் முக்குளிக்கும் அப்பாக்கள்
பத்தொன்பது பேர்.
ஆகஸ்டில் பதினெட்டானார்கள்.
அந்த ஒருவரின் மகன் எலியாசர்
அன்று முதல் கடல் தெரியாத மூலையில்தான் உட்காருகிறான்.
அட்லஸில் பாலைவனங்களை மட்டும் புரட்டுகிறான்.
அவன் கை எட்டும் இடத்தில் இதை வைக்கலாமா என்று
நான் யாரிடம் போய்க் கேட்பது?

வெள்ளிக்கிழமை வேண்டுகோள் பெட்டியைத் திறந்தேன்.
இரண்டு மிட்டாய்த்தாள், ஒரு பொத்தான்,
கணக்கு நோட்டில் கிழித்த சதுரத் தாள் ஒன்று.
"அப்பா திரும்பி வராத கதை வேண்டும்.
கடைசிப் பக்கத்தில் வந்துவிடக் கூடாது."
பெயரில்லை.
எலியாசரின் எழுத்து வலப்பக்கம் சாயும்.
இது நிமிர்ந்து நிற்கிறது.

அப்படியானால் மீதிப் பதினெட்டில்
எந்த வீட்டில் ஒரு குழந்தை
விடியலில் பூட்ஸ் சத்தம் படியிறங்குவதைக் கேட்டபடி
போர்வைக்குள் ஒத்திகை பார்க்கிறது?

இரண்டு பிரதி என்று எழுதினேன்.
ஒன்று அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி.
மற்றது அட்லஸுக்குப் பக்கத்தில்,
யாரோ இடம் தவறி வைத்ததுபோல.
ஸ்பெயினிலிருந்து வர வேண்டும்.
கப்பல் கூலி புத்தகத்தின் விலையைத் தாண்டியது.
பல் துலக்குவதை அடித்தேன். போதவில்லை.
குதிரைகளை அடித்தேன்.

திங்களன்று யாஸ்னா வந்து கேட்டாள்.
அடுத்த ஆண்டு என்றேன்.
"அடுத்த ஆண்டு எனக்குக் குதிரைகள்
பிடிக்காமல் போயிருந்தால்?"

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன்.
அது ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.
மூவரும் ஈரக் கோட்டுகளை மாட்டிக்கொண்டு
வெளியே போனார்கள்,
கதவை வேண்டுமென்றே சாத்தாமல்.